ஒரு சடங்குப் பொருளின் அர்த்தத்தை ஆராய்வது எப்படி? முளைப்பாரியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல், தமிழ் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும், சடங்கை ஆராயப் போகிறவர் களத்தில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுக்கு என்ன அர்த்தம்?" பூசாரி ஒரு பதில் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு வந்தால் "முளைப்பாரி வளமையின் குறியீடு" என்று ஒரு இயல் எழுதி முடித்துவிடலாம். அந்த வாக்கியத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வாழைமரத்துக்கும் அது பொருந்தும், நிறைகுடத்துக்கும் பொருந்தும், மஞ்சளுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விளக்கம் நம் கையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதுகலை ஆய்வேடோ முனைவர் பட்ட ஆய்வோ எழுதப் போகிறவர்களுக்காகவும், சொந்த ஊர்த் திருவிழாவை ஒழுங்காக ஆவணப்படுத்த நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, களத்துக்குப் போவதிலிருந்து எழுதி முடிப்பது வரை பார்க்கலாம். உதாரணம், தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாக்களில் எடுக்கும் முளைப்பாரி. முறைக்கு முன்மாதிரி, ஆப்பிரிக்காவில் ஒரு பால் மரத்தைச் சுற்றி நடந்த ஆய்வு. இரண்டையும் மாறி மாறிப் பார்ப்போம்.

முதல் படி: சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"தமிழர் திருமணச் சடங்குகளில் குறியீடுகள்" என்ற தலைப்பில் ஆய்வு செய்ய முடியாது. பட்டியல்தான் போட முடியும். தாலி ஒரு பத்தி, அரசாணிக்கால் ஒரு பத்தி, அம்மி மிதித்தல் ஒரு பத்தி என்று போய், கடைசியில் எதைப் பற்றியும் ஆழமாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நல்ல ஆய்வுப் பொருளுக்குச் சில அடையாளங்கள் உண்டு. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கையில் எடுக்க முடிய வேண்டும், பல பேர் கை மாற வேண்டும், அதன் மேல் விதிகள் இருக்க வேண்டும், அதைப் பற்றி ஊருக்குள் ஒரே கருத்து இருக்கக் கூடாது. முளைப்பாரிக்கு இவை எல்லாம் இருக்கின்றன. காப்புக் கட்டிய பிறகு பயறு போடுகிறார்கள். ஓட்டிலோ சட்டியிலோ வைக்கோலும் மக்கிய சாணமும் பரப்பி, நவதானியத்தையோ ஊற வைத்த பயறு வகைகளையோ விதைக்கிறார்கள். வெளிச்சம் புகாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, ஒரு வாரமோ ஒன்பது பத்து நாளோ வளர்க்கிறார்கள். ராத்திரியில் பெண்கள் கும்மி கொட்டுகிறார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பல ஊர்களில் இதற்கென்றே முளைக்கொட்டுத் திண்ணை இருக்கும். கடைசி நாள் தலையில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கண்மாயிலோ ஊருணியிலோ ஆற்றிலோ கரைக்கிறார்கள். ஊருக்கு ஊர் விவரங்கள் மாறும். அந்த மாற்றமே உங்களுக்குத் தரவு.

இன்னொன்று, திருவிழா உங்கள் ஆய்வு அட்டவணைக்காகக் காத்திருக்காது. ஊரில் சாவு விழுந்தால் தள்ளிப்போகும். திருவிழாவுக்காக வீடு வீடாக வாங்கும் வரியில் தகராறு வந்தால் அந்த வருஷம் நின்றே போகும். அதனால் பக்கத்து ஊர் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரை இரண்டு வருஷம் பார்ப்பது உத்தமம். முடியாவிட்டால் ஒரே பருவத்தில் இரண்டு ஊர்.

இரண்டாம் படி: படியுங்கள், ஆனால் கேள்வியோடு

கோட்பாட்டு நூல்களை முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் களத்துக்குப் போவேன் என்றால் போகவே மாட்டீர்கள். ஐந்தாறு பேரின் ஆய்வுகளைப் படியுங்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதல் ஆள் மானிடவியலாளர் விக்டர் டர்னர். 1950-54 காலத்தில், அப்போது வடக்கு ரொடீசியா என்று அழைக்கப்பட்ட இன்றைய சாம்பியாவில், நிடெம்பு மக்களிடையே தன் மனைவி எடித் டர்னருடன் தங்கி ஆய்வு செய்தவர். ஒரு குறியீட்டின் பொருளை மூன்று இடங்களில் தேட வேண்டும் என்றார். மக்கள் அதைப் பற்றிச் சொல்வது ஒன்று. அதை வைத்து அவர்கள் செய்வது இரண்டு. மற்றக் குறியீடுகளோடு அது எங்கே, எந்த வரிசையில் நிற்கிறது என்பது மூன்று. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள், நான்காம் படியிலிருந்து கடைசி வரை அதுதான் நம்மை நடத்தப் போகிறது.

மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1958-இல் பாலித் தீவில் பார்த்த சேவல் சண்டையைப் பற்றி எழுதியதும் கட்டாயம் படிக்க வேண்டியது. யார் யார் மேல் பந்தயம் கட்டுகிறார்கள், உறவுக்காரன் சேவலுக்கு எதிராக ஏன் கட்டுவதில்லை என்று சின்னச் சின்ன விவரங்களிலிருந்து அந்த ஊரின் அந்தஸ்துப் போட்டியை அவர் எழுப்பிக் காட்டும் விதம் அலாதியானது. கூடவே, 1986-இல் வின்சென்ட் கிரபன்சானோ வைத்த விமர்சனத்தையும் படித்துவிடுங்கள். பாலிக்காரர்கள் இப்படி நினைக்கிறார்கள், அப்படி உணர்கிறார்கள் என்று கீர்ட்ஸ் சொல்கிறாரே, எந்தப் பாலிக்காரர், யாரிடம், எப்போது சொன்னார் என்பதுதான் கிரபன்சானோ கேள்வியின் சாரம். நம் ஊர் ஆய்வேடுகளில் "மக்கள் நம்புகின்றனர்" என்று முடியும் வாக்கியங்களுக்குப் பக்கத்திலெல்லாம் இந்தக் கேள்வியைப் பென்சிலால் எழுதி வைக்கலாம்.

தமிழ்நாட்டுக் களம் என்றால் இரண்டு பேர். கொங்கு நாட்டில் ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1969-இல் சடங்குகளில் நிறமும் சூடும் பற்றி எழுதிய கட்டுரை. சிவப்பு சூட்டோடும், வெள்ளை குளிர்ச்சியோடும் சேர்வதையும், சடங்கு வரிசையில் சூடானது குளிர்ச்சிக்கு நடுவே வைக்கப்படுவதையும் அதில் காட்டுகிறார். அடுத்தது வாலண்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட ஆய்வு. ஊர் மண்ணுக்கும் மனிதர் குணத்துக்கும் உள்ள உறவு, வீடு, பூப்போட்டுப் பார்ப்பது, சபரிமலைப் பயணம் என்று போகும் அது, அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பியர்ஸின் குறியியலை, அதாவது குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்ற ஆய்வைக் கையில் எடுக்கிறது. பியர்ஸைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரு குறி தான் சுட்டும் பொருளைப் போலவே இருக்கலாம், அதோடு நேரடித் தொடர்பு கொண்டிருக்கலாம், வெறும் வழக்கத்தால் மட்டும் அதைச் சுட்டலாம் என்ற அவரது பிரிவினை முளைப்பாரிக்கு உடனே உதவும். நன்றாக வளர்ந்த முளை நல்ல விளைச்சலைப் 'போல' இருக்கிறது. அதே சமயம் சுமப்பவளின் விரதம் சுத்தமாக இருந்ததற்கு 'அத்தாட்சி'யாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒன்று சாயல், மற்றது தடயம். இரண்டையும் ஒரே "குறியீடு" என்ற பெட்டியில் போட்டு மூடினால் பாதி போய்விடும்.

பழைய ஆவணங்களில் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளும், சென்னை ஆயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதியதும் எல்லாருக்கும் தெரிந்தவை. விவரத்துக்குப் பாருங்கள், விளக்கத்துக்கு நம்பாதீர்கள். தமிழில் நா. வானமாமலை தொடங்கிவைத்த நாட்டார் வழக்காற்று ஆய்வு மரபு, அழகர் கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் செய்த ஆய்வு, பக்தவத்சல பாரதியின் மானிடவியல் நூல்கள் ஆகியவற்றைத் தொடாமல் களத்துக்குப் போவது நியாயமில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, இந்த மூன்றும் பொருள் தேடுவதற்கு நல்ல தொடக்கம்.

மூன்றாம் படி: ஊருக்குள் நுழைவது

யார் வழியாக நுழைகிறீர்களோ அவர் கண் வழியாகத்தான் முதலில் பார்ப்பீர்கள். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முதல் மரியாதை யாருக்கு என்ற கதை கிடைக்கும். பூசாரி வீட்டில் உட்கார்ந்தால் அம்மன் வந்த கதை. முளை போடும் வீட்டில் நுழைந்தால்தான் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கதை. எந்தத் தெருவில் தங்குகிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. ஒரு தெருவில் சாப்பிட்டவரிடம் அடுத்த தெரு எப்படிப் பேசும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாத் தெருவிலும் சாப்பிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவதும், அப்படியே செய்வதும் பின்னால் நிறைய உதவும்.

ஆண் ஆய்வாளருக்குக் கூடுதல் சிக்கல். பல ஊர்களில் முளை வளரும் அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது, பார்க்கவும் கூடாது. கெஞ்சி, கோயில் கமிட்டித் தலைவரைப் பிடித்து, எப்படியாவது உள்ளே போய்ப் படம் எடுப்பது ஆய்வுத் திறமை ஆகாது. போகக்கூடாது என்பதே ஒரு தரவு. வெளியே உட்கார்ந்து, யார் உள்ளே போகிறார்கள், எத்தனை தடவை, கையில் என்ன, வெளியே வரும்போது யாரோடு பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். உள்ளே நடப்பதற்கு ஒரு பெண் ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், அவர் பெயரையும் ஆய்வில் போடுங்கள். எடித் டர்னர் இல்லாமல் நிடெம்புப் பெண்களின் சடங்கு பற்றி நமக்குத் தெரிந்தது மிகவும் குறைவாகவே இருந்திருக்கும்.

ஒப்புதல் விஷயம். கோயில் கமிட்டி சரி என்று சொன்னால் எல்லாரும் சரி என்று ஆகிவிடாது. பேட்டி தருபவர் ஒவ்வொருவரிடமும் எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வெளிவரும் என்று அவர் புரிந்துகொள்ளும் தமிழில் சொல்லுங்கள். பெயரை மாற்றுங்கள். ஊர்ப் பெயரை மாற்றுவதும் பல நேரம் தேவை. எந்தத் தெரு வழியாக யார் முளைப்பாரி எடுத்துப் போகலாம் என்பது சில இடங்களில் காவல் நிலையம் வரை போகிற விஷயம். உங்கள் ஆய்வேட்டை நாளை யாரோ ஒருவர் ஆதாரமாக நீட்டலாம்.

நான்காம் படி: கேட்பதற்கு முன் பார்த்து எழுதுங்கள்

முதல் சில நாட்களுக்கு அர்த்தம் பற்றி எதுவுமே கேட்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு பாருங்கள். சிரமம்தான், ஏனென்றால் ஆய்வாளர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே விளக்கம் சொல்லத் தயாராக நிற்கும்.

"பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்தனர்" என்று எழுதினால் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. உதாரணத்துக்கு நானே கற்பனையாக ஒரு குறிப்பை எழுதிக் காட்டுகிறேன்:

"இரவு 8.40. திண்ணை நடுவில் ஒரு சட்டி மட்டும், மேலே மஞ்சள் துணி. மற்றவை அறைக்குள். பதினான்கு பெண்கள், மூன்று சிறுமிகள். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் வயதானவர், அவர் சுற்றில் நிற்கவில்லை, ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணை இருவர் கையைப் பிடித்து இழுத்துச் சுற்றுக்குள் விட்டார்கள். ஆண்கள் டீக்கடை விளக்குக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி நிற்கிறார்கள், ஆனால் போகவில்லை. மேற்குத் தெருவிலிருந்து யாரும் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை."

இதில் விளக்கம் என்று ஒரு வரி கூடக் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து இருக்கின்றன. பாட்டுக் கொடுப்பவர் ஏன் சுற்றில் இல்லை? புது மருமகளை ஏன் இழுத்தார்கள்? மேற்குத் தெரு எங்கே?

ஒவ்வொரு நாளும் ஒரு வரைபடம் போடுங்கள். கோயில், முளை வீடு, திண்ணை, கண்மாய், ஊர்வலப் பாதை, அது திரும்பும் முனை, திரும்பாத முனை. பொருட்களின் பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயறு, யார் வீட்டிலிருந்து வந்தது, கடையில் வாங்கியதா, மண் ஓடா பிளாஸ்டிக் பேசினா, உரம் எங்கிருந்து. "அது சும்மா" என்று மக்கள் ஒதுக்குவதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பொருளின் இயற்கைத் தன்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் இல்லாத இடத்தில் முளைக்கும் செடி பச்சையம் பிடிக்காமல் வெளிர் மஞ்சளாக, தண்டு மெலிந்து, வெளிச்சத்தைத் தேடிச் சடசடவென்று உயரமாக வளரும். முளைப்பாரியின் அந்த நிறமும் உயரமும் தானாக வருவதில்லை. அறையை இருட்டாக்கி, தண்ணீரை அளந்து, வேண்டுமென்றே வரவழைப்பது. வயலில் பயிர் இப்படி இருந்தால் அதை நோய் என்பார்கள். வயலின் வளத்தைக் காட்ட, வயலில் ஒருபோதும் இருக்கக்கூடாத ஒரு பயிரை ஏன் வளர்க்கிறார்கள்? "வளமையின் குறியீடு" என்ற விடை இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: கேட்பது

"அர்த்தம் என்ன" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கேட்கக் கூடியவை:

"இந்த வருஷம் முளை போடாம விட்டா என்ன ஆகும்?"
"ஒரு சட்டி மட்டும் சரியா வளரலைன்னா என்ன பேசுவாங்க? யாரைப் பேசுவாங்க?"
"நீங்க முதமுதல்ல எப்ப எடுத்தீங்க? எதுக்காக வேண்டிக்கிட்டீங்க?"
"யாரெல்லாம் இதைத் தொடக் கூடாது?"
"உங்க அம்மா வீட்ல இப்படித்தான் செய்வாங்களா?"

கடைசிக் கேள்வி தங்கச் சுரங்கம். கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்கள் இரண்டு ஊர் முறையையும் அறிந்தவர்கள். ஒப்பிட்டுப் பேச அவர்களைவிடச் சிறந்த ஆய்வாளர்கள் ஊரில் இல்லை.

பதில்களில் ஒரு வகை எல்லா ஆய்வாளரையும் சோர்வடைய வைக்கும். "காலங்காலமா அப்படித்தான். பெரியவங்க செஞ்சாங்க, நாங்க செய்யறோம்." தெற்கு எத்தியோப்பியாவின் டோர்சே மக்களிடம் போன மானிடவியலாளர் டான் ஸ்பெர்பருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அதிலிருந்துதான் அவர் 1970-களில் ஒரு அடிப்படையான சந்தேகத்தை எழுப்பினார்: குறியீடு என்பது அர்த்தத்தை ஒளித்து வைத்திருக்கும் சங்கேத மொழி என்று நாம் ஏன் முடிவு கட்ட வேண்டும்? அவர் தரும் உதாரணம் அருமையானது. சிறுத்தை ஒரு கிறிஸ்தவ விலங்கு, திருச்சபையின் விரத நாட்களான புதனும் வெள்ளியும் அது இறைச்சி தின்னாது என்பது டோர்சேக்காரர்களின் நம்பிக்கை. அப்படியானால் அந்த இரண்டு நாட்களும் ஆட்டைக் காவலில்லாமல் விடுவார்களா? மாட்டார்கள். மற்ற நாளைப் போலவே காவல் இருக்கிறார்கள். 'நம்பிக்கை' என்று நாம் எழுதுவது எத்தனை வகையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முளை நன்றாக வந்தால் மழை நன்றாகப் பெய்யும் என்று சொல்கிற விவசாயி, முளை சரியாக வராத வருஷம் விதைக்காமல் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது இன்னொரு பதிலும் எங்கும் கிடைக்கிறது: "இது அந்தக் காலத்து விதைச் சோதனை சார். முன்னோர்கள் அறிவியல்பூர்வமா வச்சிருக்காங்க." வாட்ஸ்அப்பில் வரும் இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். என் கருத்தில் அது பலவீனமான விளக்கம். விதை முளைக்கிறதா என்று பார்க்க இருட்டறை வேண்டாம், விரதம் வேண்டாம், ஆண்களை வெளியே நிறுத்த வேண்டாம், எல்லாம் முடிந்ததும் தண்ணீரில் கரைக்கவும் வேண்டாம். ஆனால் ஆய்வாளருக்கு அது நல்ல தரவு. யார் இதைச் சொல்கிறார்கள், படித்த இளைஞர்களா, ஊரை விட்டுத் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டவர்களா, யாரிடம் சொல்கிறார்கள்? தங்கள் சடங்கை யாரோ கேலி செய்வார்கள் என்ற எண்ணம் அந்த விளக்கத்துக்குள் இருக்கிறதா? அது சடங்கின் அர்த்தத்தில் இன்று சேர்ந்திருக்கும் ஒரு அடுக்கு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது இனிப்பான ஆபத்து. எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், எதைக் கேட்டாலும் ஒழுங்காக, அழகாக, ஒன்றோடொன்று பொருந்த விளக்குவார். டர்னருக்கு அப்படிக் கிடைத்தவர் முச்சோனா என்ற நாட்டு மருத்துவர். இருவரும் ஒரு பள்ளி ஆசிரியரும் உட்கார்ந்து நாள்கணக்கில் பேசியதிலிருந்துதான் நிடெம்புக் குறியீடுகள் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி வந்தது. டர்னரே அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் ஊரின் நடுவில் இருந்த ஆள் இல்லை, அடிமையாக இருந்த தாய்க்குப் பிறந்து ஓரத்தில் வாழ்ந்தவர். ஓரத்தில் நிற்பவருக்குத்தான் இப்படி யோசிக்க நேரமும் தேவையும் வருகிறது போலிருக்கிறது. அப்படிப்பட்டவரின் விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரில் வேண்டாம்.

ஆறாம் படி: பக்கத்தில் என்ன இருக்கிறது?

இப்போது டர்னரின் மூன்றாவது இடத்துக்கு வருகிறோம். முளைப்பாரியைத் தனியாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, முளை வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஆகமக் கோயில்களின் திருவிழாத் தொடக்கத்தில் அங்குரார்ப்பணம் என்ற விதை முளைக்க வைக்கும் சடங்கு உண்டு. சில சமூகங்களின் திருமணங்களில் பாலிகை தெளிக்கிறார்கள், அதாவது சின்னச் சட்டிகளில் தானியம் தூவி முளைக்க விடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி திருமணத்தில் மங்கலப் பொருள்களோடு வரும் பெண்கள் முளைப்பாலிகையையும் ஏந்தி வருகிறார்கள். சில சமூகங்களில் அடக்கம் செய்த இடத்தில் நவதானியம் தெளிப்பதும் உண்டு. ஆக, முளை கல்யாணத்தில் மட்டும் வருவதில்லை, சாவிலும் வருகிறது. அப்படியென்றால் அது 'மங்கலம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குமா?

ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டு அட்டவணை போடுங்கள். யார் விதைக்கிறார்கள், எங்கே வளர்கிறது, யார் பார்க்கலாம், கடைசியில் எங்கே போகிறது. பெக் காட்டியதுபோல வரிசையையும் நிறத்தையும் குறியுங்கள். முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் என்ன போகிறது, பின்னால் என்ன வருகிறது? தீச்சட்டி எடுப்பவர்களும் முளைப்பாரி எடுப்பவர்களும் ஒரே நாளா, அடுத்தடுத்த நாளா? சூடும் குளிர்ச்சியும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன?

இந்தக் கட்டத்தில் ஆய்வாளருக்கு ஒரு மின்னல் வெட்டும். இருட்டறை, ஆண்கள் பார்க்கக்கூடாது, தனியே வைத்துத் தண்ணீர், சில நாள் கழித்து அலங்கரித்து வெளியே கொண்டுவருவது... இது வயதுக்கு வந்த பெண்ணைக் குச்சுக்குள் உட்கார வைப்பதைப் போலவே இருக்கிறதே! எனக்கும் இந்த ஒப்புமை பிடிக்கும். ஆனால் இது ஆய்வாளரின் ஊகம், இந்த நிலையில் அவ்வளவுதான். அதை எழுதுவதற்கு முன் சோதியுங்கள். கும்மிப் பாட்டில் முளையைப் பெண்ணாகப் பேசும் வரி இருக்கிறதா? பல பாடல்கள் தானியம் சேர்த்தது, ஓடு வாங்கியது, உரம் எடுத்தது என்று வேலையின் படிகளைத்தான் சொல்லிக்கொண்டு போகும். தாய்மாமனுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா? தீட்டு விதிகள் ஒன்றா? பாடல், உறவுமுறை, விதி ஆகிய மூன்றில் இரண்டிலாவது சான்று கிடைத்தால் வாதமாக வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அடிக்குறிப்பில் ஒரு வரி, அதோடு விடுங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஒப்புமையை இயலின் தலைப்பாக்கியவர்கள் நிறைய பேர்.

ஏழாம் படி: இடறும் இடத்தைத் தேடுங்கள்

மக்கள் சொல்வதும் செய்வதும் ஒத்துப்போகாத இடத்தைத்தான் இடறும் இடம் என்கிறேன். மற்றப் படிகளை அவசரத்தில் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். டர்னரின் பால் மரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நிடெம்புப் பெண் பருவமடையும் சடங்கில், முட்யி என்ற மரத்தின் இளங்கன்றுக்கு அடியில் அவளைப் போர்வையால் சுற்றிப் படுக்க வைக்கிறார்கள். பகல் முழுக்க அவள் அசையக் கூடாது. கீறினால் வெள்ளையாகப் பால் வடியும் மரம் அது. என்ன அர்த்தம் என்று கேட்டால் மக்கள் தாராளமாகச் சொன்னார்கள். தாய்ப்பால், தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பந்தம், தாய்வழிக் குலம். கடைசியில் நிடெம்பு மக்கள் அனைவரின் ஒற்றுமை. வெள்ளைக்காரனுக்குக் கொடி இருப்பதைப் போல எங்களுக்கு இந்த மரம் என்று விளக்கியவரும் உண்டு. எல்லாமே இணைப்பைப் பற்றிய பேச்சு.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஆடும் பெண்கள் ஆண்களை அண்ட விடுவதில்லை, அவர்களைக் கேலி செய்து பாடுகிறார்கள். தாய்-மகள் பந்தத்தின் மரம் என்றார்களே, அந்தப் பெண்ணின் தாய்க்கு அந்த ஆட்டச் சுற்றில் இடமில்லை. பிறகு தாய் மரவள்ளியும் அவரையும் கலந்த உணவைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு வரும்போது பெண்கள் பாய்ந்து பிடுங்குகிறார்கள். தூரத்து ஊர்க்காரி முதலில் பிடுங்கிவிட்டால் மகளும் தூரத்துக்குப் போய்விடுவாள் என்று தாய்க்குப் பயம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பிளவு, தாய்க்கும் மகளுக்கும் பிளவு, ஊருக்கும் ஊருக்கும் போட்டி. ஒற்றுமையின் மரத்தடியில் நடப்பது இவ்வளவும்.

இதைப் பற்றிக் கேட்டபோது யாரும் இதற்கும் மரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்லவில்லை. டர்னர் அந்தச் சமூகத்தின் அமைப்புக்குப் போனார். நிடெம்பு மக்களுக்குக் குலம் தாய்வழி, ஆனால் கல்யாணமானதும் பெண் கணவன் ஊருக்குப் போகிறாள். குலத்தை வளர்க்க வேண்டிய பெண்களே ஊரை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் சமூகம் அது. தீர்க்க முடியாத அந்த இழுபறி மரத்தடியில் நடித்துக் காட்டப்படுகிறது, வாயால் சொல்லப்படுவதில்லை. பாலும் மார்பும் எழுப்பும் உணர்ச்சி ஒரு முனையில், குலம், ஒற்றுமை போன்ற கடமைகள் மறுமுனையில். ஒரே மரத்தில் இரண்டும் சேரும்போது கடமைக்கு உணர்ச்சியின் சூடு ஏறுகிறது என்பது அவர் வாதம்.

முளைப்பாரியிலும் இப்படி இடறும் இடங்கள் இருக்கின்றன. "ஊர் ஒண்ணா சேந்து எடுக்கறது" என்பார்கள். வரி வாங்கிய தெருக்கள் எவை, வாங்காத தெருக்கள் எவை என்று கணக்கு நோட்டைப் பாருங்கள். வரி வாங்க மறுப்பதே ஒரு தெருவை ஊருக்கு வெளியே தள்ளும் வழி. "பொம்பளைங்க விசேஷம்" என்பார்கள். பாதையையும் நேரத்தையும் முடிவு செய்தது யார்? "எல்லாம் அம்மனுக்குச் சமம்" என்பார்கள். முதல் சட்டி யார் வீட்டுச் சட்டி? உயரமான முளையைப் பார்த்து எழும் பெருமையும் பொறாமையும் எந்தப் பேட்டியிலும் வராது, ஊர்வலம் போகும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளின் பேச்சில் வரும்.

சண்டை வந்தால் ஓடிவிடாதீர்கள். எதற்குச் சண்டை போடுகிறார்களோ அதில்தான் விதி வெளியே தெரியும். ஆனால் எந்தப் பக்கமும் பேசாதீர்கள், கையில் கேமராவோடு நடுவில் நிற்காதீர்கள்.

எட்டாம் படி: தனி மனிதர்

ஊர் அளவில் ஒரு குறியீடு சொல்வதும், ஒரு பெண் தலையில் அதைச் சுமக்கும்போது அவளுக்கு அது என்னவாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1958-இல் எழுதிய ஒரு கட்டுரையில், தலைமுடி போன்ற பொதுக் குறியீடுகளிலிருந்து தனி மனிதரின் உள்மனத்தைப் பற்றி எதுவும் ஊகிக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார். இன்னொரு மானிடவியலாளரான கணநாத் ஒபயசேகர அதை ஏற்கவில்லை. இலங்கையின் கதிர்காமத்தில் சடை வளர்த்த பெண் துறவிகளோடு உட்கார்ந்து ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கதையையும் கேட்டு 1981-இல் நூலாக்கினார். முறிந்த கல்யாணம், இறந்துபோன தாய், குற்ற உணர்ச்சி என்று அந்தச் சடைகள் ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கையிலிருந்து முளைத்தவை. அதே சமயம் முருகன் கொடுத்தது என்ற பொது மொழியில்தான் அவர்கள் அதைத் தாங்கினார்கள்.

உங்கள் ஆய்விலும் நாலைந்து பேரின் நேர்த்திக்கடன் கதைகளை முழுசாகக் கேளுங்கள். குழந்தைக்காக, நோய்க்காக, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக. எத்தனை வருஷம் எடுக்க வேண்டிக்கொண்டார், நிறைவேறாமல் போனபோது என்ன செய்தார்? இது நேரம் எடுக்கும் வேலை, ஒலிப்பதிவுக் கருவியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிட வேண்டிய வேலை.

ஒன்பதாம் படி: எழுதுவது

எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தது, ஒருவர் எனக்குச் சொன்னது, நான் சேர்த்துக் கட்டியது. மூன்றும் ஒரே தொனியில் கலந்து வந்தால் படிப்பவர் ஏமாறுவார், கொஞ்ச நாளில் நீங்களே ஏமாறுவீர்கள். வரைவுக்கு மூன்று நிற மை பயன்படுத்தலாம். ஒரு பக்கம் முழுக்க மூன்றாவது நிறத்திலேயே இருந்தால் அங்கே தரவு தீர்ந்துபோய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

"குறியீடாக விளங்குகிறது", "பறைசாற்றுகிறது", "மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்துள்ளது", இந்த மூன்று தொடர்களையும் தேடி அழித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் ஆய்வேடுகளின் பெரும்பாலான ஓட்டைகள் இவற்றுக்கு அடியில்தான் இருக்கும்.

இயல் பிரிப்பைப் பொறுத்தவரை, தோற்றம், வகைகள், பயன்கள் என்ற பள்ளிக்கூட வரிசையைவிட, நீங்கள் கண்ட இடறல்களில் முக்கியமான ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. "பெண்களின் சடங்கு என்று எல்லாரும் சொல்லும் ஒன்றின் பாதையை ஆண்கள் முடிவு செய்கிறார்கள்" என்பது ஒரு முழு ஆய்வேட்டைத் தாங்கும். விவரணை, விளக்கம், கோட்பாடு எல்லாம் அதற்கு விடை தேடி வரட்டும்.

வரைவு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போய்ப் படித்துக் காட்டுங்கள், குறைந்தது முளை போட்ட பெண்களுக்காவது. "அப்படியெல்லாம் இல்லை தம்பி" என்று சொல்வார்கள். அந்த மறுப்பையும் எழுதுங்கள். எல்லா இடத்திலும் அவர்கள் சொல்வதே சரி என்று மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பால் மரத்தடியில் நடப்பதைப் பற்றி டர்னர் சொன்னதை எந்த நிடெம்புக்காரரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் அவர்களும் நீங்களும் வேறுபடுகிறீர்கள், ஏன் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவுகளுக்கு இரண்டு பிரதி எடுத்து, பாடியவரின் சம்மதத்தோடு ஒன்றை ஒரு ஆவணக் காப்பகத்தில் கொடுங்கள். கும்மிப் பாட்டுகளை மட்டும் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு, பாட்டெடுத்துக் கொடுத்த பாட்டியின் பேத்தி கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருஷத் திருவிழாவில் அது ஒலிபெருக்கியில் ஓடினால், யாரும் வாய் திறந்து பாடாமல் கும்மி மட்டும் கொட்டினால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரைக்கு ஆகும்.